நல்ல தண்ணியா, உப்புத் தண்ணியா?

மீன் விற்பவர்களில் இரண்டு வகை உண்டு: செத்த மீனை விற்பவர்கள், சாகப்போகிற மீனை விற்பவர்கள். பினாங்கு சூலியா ஸ்திரீட்டில் ஐந்து வருஷம் நான் இரண்டாவது வகை. வீட்டுக் கூடத்தில் வைத்து அழகு பார்க்கிற கண்ணாடித் தொட்டியும், அதில் விடுகிற மீனும் விற்கிற கடை. கடைக்கு ஒரு முதலாளி, நிற்பதற்கும் பேசுவதற்கும் வசவு வாங்குவதற்கும் நான்.

கடை மேசைக்குப் பின்னால் நின்று, முகத்தில் சிரிப்பும் வாய்க்குள் பற்கடிப்புமாகக் காலம் தள்ளியவர்களே, உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். மற்றவர்களுக்கு இது புரியாது.

எங்கள் கடைக்கு வருகிற ஒவ்வொருவரும் ஒரே கேள்வியைத்தான் கேட்பார்கள். நல்ல தண்ணித் தொட்டி வைக்கலாமா, உப்புத் தண்ணித் தொட்டி வைக்கலாமா? பதிலும் ஒன்றுதான். நல்ல தண்ணீர் என்றால் தண்ணீர்மலையிலிருந்து குழாயில் வருகிற தண்ணீரை இரண்டு நாள் தாழியில் பிடித்து வைத்து ஊற்றினால் போதும். கழுவிய மணல், நாலு பாசிச் செடி, சீனக் கப்பலில் வந்த இரண்டு தங்கமீன். முடிந்தது வேலை. உப்புத் தண்ணீர் என்றால் கடலைக் கொண்டுவர வேண்டும். காலையும் மாலையும் கொட்டாங்கச்சி அகப்பையால் மொண்டு மொண்டு ஊற்றித் தண்ணீருக்குக் காற்றுக் காட்ட வேண்டும். ஒரு மீன் செத்தால் உடனே எடுக்க வேண்டும், இல்லாவிட்டால் சாயங்காலத்துக்குள் எல்லாம் சாகும். இதைக் கேட்ட பிறகும் பத்துப் பேரில் எட்டுப் பேர் உப்புத் தண்ணித் தொட்டியைத்தான் கை காட்டுவார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

பாதிக்குப் பாதி

டத்தோ கிராமாட்டிலிருந்து ஒரு கிராணி வருவார். ஏதோ ஆபீசில் எழுத்து வேலை. வெள்ளைக் கோட்டு, காதில் பென்சில், எதையும் யோசித்துத்தான் பேசுவேன் என்கிற முகம். முதல் நாள் வந்தவர் ஒரு மணி நேரம் நின்றார். தங்கமீனைப் பார்த்தால் அதுவும் பிடிக்கிறது, வெள்ளைப் பட்டை போட்ட ஆரஞ்சு நிறக் கடல் மீனைப் பார்த்தால் அதுவும் பிடிக்கிறது. இரண்டையும் ஒரே தொட்டியில் விட்டால் என்ன என்றார்.

"ஒண்ணு செத்துப்போகும் சார்" என்றேன். எது என்றார். தொட்டியில் நல்ல தண்ணீர் இருந்தால் கடல் மீன் சாகும், கடல் தண்ணீர் இருந்தால் தங்கமீன் சாகும் என்று, சின்னப் பிள்ளைக்குச் சொல்வது போல நிதானமாகச் சொன்னேன். எனக்கு நிதானம் என்பது நாளைக்கு ஒரு முறைதான் வரும், அன்றைய நிதானத்தை முழுக்க அவருக்கே செலவழித்தேன். அவர் காதிலிருந்த பென்சிலை எடுத்து உதட்டில் தட்டிக்கொண்டு யோசித்தார். பிறகு பெரிய வழக்கு ஒன்றைத் தீர்த்து வைத்தவர் போல நிமிர்ந்தார்.

"அப்ப தண்ணியையும் பாதிக்குப் பாதி ஊத்திருவோம் லா தம்பி, ரெண்டு பேருக்கும் பொதுவா இருக்கட்டும்!"

உப்பு போட்ட கை

ஒரு துரை வீட்டில் அந்தோணி என்று ஒரு சமையல்காரர். துரைசாணி ஆசைப்பட்டு உப்புத் தண்ணித் தொட்டி வாங்கினாள். வாரம் ஒரு முறை எங்கள் கடைக்கு வந்து கடல் தண்ணீர் வாங்கிப்போக வேண்டியது அந்தோணியின் பொறுப்பு. இரண்டு வாரம் வந்தார். மூன்றாவது வாரம் வரவில்லை. நாலாவது வாரம் வாழை இலையில் ஐந்து மீனைச் சுற்றிக்கொண்டு வந்து மேசைமேல் விரித்தார். வேறு மீன் வேண்டுமாம், இது சீக்கு மீனாம்.

தண்ணீருக்கு என்ன செய்தீர்கள் என்று கேட்டேன். குழாய்த் தண்ணீரைப் பிடித்து, குசினியில் இருந்த உப்பை அள்ளிப் போட்டு, கலக்கி, நாக்கில் விட்டுப் பார்த்து, கடல் பதம் வந்ததும் தொட்டியில் ஊற்றினாராம். எனக்குத் தலைக்கு ஏறிவிட்டது. கடல் என்ன ரசமா, உப்புப் போட்டு இறக்குவதற்கு என்று கடை அதிரக் கத்தினேன். ஐந்து உயிரைக் கொன்றதற்கு அவர் முகம் மாறவில்லை. நான் அவருடைய சமையலைக் குறை சொல்லிவிட்டதாக நினைத்துத்தான் மாறியது.

"இருபது வருஷமா துரைமாருக்குச் சமைக்கிறேன், அந்தோணி கையில உப்பு கூடிப்போச்சுன்னு இன்னைக்கு வரைக்கும் ஒருத்தன் சொன்னதில்லை, நீ யாருடா சொல்றதுக்கு?"

எங்கே மொண்டால் என்ன

வாங்குகிறவர்களை மட்டும் திட்டினால் நியாயமில்லை. எங்கள் கடைக்கு வண்டி இழுத்தவர் மாரிமுத்து. ஜெலுத்தோங்கில் ஒரு மலாய்க்காரப் படகுக்காரர், கரையோரச் சேற்றைத் தாண்டிப் படகை விட்டு, தெளிந்த இடத்தில் மொண்டு பீப்பாயில் நிரப்பித் தருவார். அந்தப் பீப்பாய்களை மாரிமுத்து கைவண்டியில் ஏற்றி இழுத்து வர வேண்டும். நல்ல வெயிலில் அது லேசான வேலை இல்லை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஒரு நாள் மனிதர் ஜெலுத்தோங் பக்கமே போகாமல், கப்பல் நிற்கிற ஜெட்டியில் குனிந்து மொண்டு கொண்டுவந்துவிட்டார். தண்ணீர் மேல் எண்ணெய் ஏழு நிறத்தில் மின்னியது. அதை நான் பார்ப்பதற்குள் பெரிய தொட்டியில் பாதி ஊற்றி முடித்துவிட்டார்.

வடக்கே தீவுப் பாறைகளில் பிடித்து, மூன்று நாள் படகில் காப்பாற்றிக் கொண்டுவந்த மீன்கள். மத்தியானத்துக்குள் எல்லாம் மல்லாந்துவிட்டன. வாயில் வந்ததையெல்லாம் பேசினேன். மாரிமுத்து வண்டியின் விளிம்பில் உட்கார்ந்து சுருட்டைப் பற்ற வைத்து, நான் மூச்சு வாங்க நிறுத்துகிற வரைக்கும் பொறுமையாகக் காத்திருந்தார்.

"ஏண்ணே, ஜெலுத்தோங்குல ஒண்ணு ஜெட்டியில ஒண்ணுன்னு ஆண்டவன் என்ன ரெண்டு கடலா வெச்சிருக்கான்?"

செப்பு அண்டா

ஒரு துணிக்கடைக்காரர் வீட்டில் பூஜை அறைக்கு எதிரே உப்புத் தண்ணித் தொட்டியை வைத்தார்கள். வெள்ளிக்கிழமை தோறும் தொட்டிக் கண்ணாடிக்குச் சந்தனம் குங்குமம் வைப்பார்கள். வைக்கட்டும், மீனுக்கு அதில் நஷ்டமில்லை. ஆனால் நாங்கள் அனுப்புகிற மீன்கள் இரண்டே நாளில் செத்தன. மறுபடி அனுப்பினோம், மறுபடி செத்தன. மூன்றாம் முறை அந்த வீட்டு அம்மாள் ஆளை விட்டு, கடைக்காரன் திருஷ்டி பட்ட மீனை விற்கிறான் என்று சொல்லி அனுப்பினாள். இது என்னடா கொடுமை என்று நானே நேரில் போனேன்.

பின்கட்டில் புளி போட்டுத் தேய்த்துப் பளபளவென்று மின்னும் செப்பு அண்டா. அதில் ராத்திரி முழுக்கக் கடல் தண்ணீர். செம்பில் ஊற்றி வைத்த தண்ணீர் உடம்புக்கு நல்லது என்று நாம்தான் குடிக்கிறோமே, மீனுக்கு மட்டும் கெடுதலா என்று அம்மாள் கேட்டாள். கெடுதல்தான். செம்பு கடல் தண்ணீரில் இறங்கினால் மீனுக்கு விஷம். அண்டாவின் உள்விளிம்பில் பச்சை படிந்திருந்ததைக் காட்டினேன். செம்பு ஆகாது, செம்பு கலந்த எதுவும் ஆகாது, சீனத் தாழியோ மரப் பீப்பாயோதான் வேண்டும் என்று அரை மணி நேரம் தொண்டை வறளச் சொன்னேன். அம்மாள் மிகவும் மரியாதையாகக் கேட்டுக்கொண்டாள். பிறகு சமையல்கட்டுப் பக்கம் திரும்பிக் குரல் கொடுத்தாள்.

"ஏய் செல்லம்மா, அண்டாவைக் கவுத்திட்டு அந்தப் பெரிய பித்தளைத் தவலையைக் கொண்டா!"

பால்காரன் வேலை

அந்த டத்தோ கிராமாட் கிராணி கடைசியில் உப்புத் தண்ணித் தொட்டியைத்தான் வாங்கினார். ஒன்றரை மாதத்தில் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு வந்தார். எல்லாம் செத்துவிட்டன. தண்ணீர் குறைந்தபோது என்ன ஊற்றினீர்கள் என்று கேட்டேன். கடல் தண்ணீர் என்றார்.

இந்த ஒரு விஷயத்தை மட்டும் யாராலும் புரிந்துகொள்ள முடியவில்லை. இங்கே நன்றாகக் கேளுங்கள், பின்னால் வேண்டியிருக்கும். வெயிலில் தொட்டித் தண்ணீர் வற்றும்போது தண்ணீர் மட்டும்தான் போகிறது, உப்பு போவதில்லை. அது தொட்டியிலேயே தங்கிவிடும். அதனால் வற்றிய அளவுக்கு நல்ல தண்ணீர்தான் ஊற்ற வேண்டும். மேலே மேலே கடல் தண்ணீரை ஊற்றினால் உப்பு ஏறி ஏறி, ஒரு நாள் மீனுக்கு அது கருவாட்டுப் பானை ஆகிவிடும். உப்பளம் பார்த்த ஊரில் பிறந்த நமக்கு இது தெரிய வேண்டாமா? வாங்குகிற அன்றைக்கே இதை மூன்று தடவை சொல்லியிருந்தேன். மேசையைத் தட்டி மறுபடி சொன்னேன். கிராணிக்கு ரோஷம் வந்துவிட்டது.

"கடல் தண்ணி குறைஞ்சா கடல் தண்ணிதான் ஊத்தணும் தம்பி, பால் குறைஞ்சா தண்ணி ஊத்துறது பால்காரன் வேலை!"

முதலாளி கூப்பிட்டார்

ரப்பர் விலை விழுந்து, தோட்டங்களில் ஆட்களைக் குறைத்து, கூட்டம் கூட்டமாக நாகப்பட்டினத்துக்குக் கப்பலேற்றிய காலம் வந்தது. துறைமுகத்துப் பக்கம் போனால் மூட்டையும் பிள்ளையுமாக உட்கார்ந்திருப்பார்கள். எனக்கு வீட்டில் மனைவி ஏழு மாதம். ஒற்றை அறையில் குடித்தனம். இருக்கிற வேலையைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ள வேண்டிய நேரம்.

அந்த நேரத்தில்தான் நான் ஒருவரிடம், உப்புத் தண்ணீர் வேண்டாம், தங்கமீன் வாங்குங்கள், நாலு வருஷம் இருக்கும் என்று சொல்லிக்கொண்டிருந்ததை முதலாளி கேட்டுவிட்டார். வந்தவர் போன பிறகு என்னைக் கூப்பிட்டார். கத்தவில்லை. அவர் கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன், இரண்டு பேருக்கும் மனசு ஆறியிருக்கும். தங்கமீன் வாங்கியவன் அதோடு போய்விடுகிறான், கடல் மீன் வாங்கியவன்தான் வாரா வாரம் வருகிறான் என்றார். மீன் செத்தால் மீனுக்கு வருவான், தண்ணீர் வற்றினால் தண்ணீருக்கு வருவான். இனிமேல் யார் கேட்டாலும் உப்புத் தண்ணீர் என்று சொல்ல வேண்டும், வற்றினால் கடல் தண்ணீரை நம்மிடம்தான் வாங்கி ஊற்ற வேண்டும் என்றும் சொல்ல வேண்டும். முடியாது என்றால் அடுத்த கப்பலில் இடம் இருக்கிறது. நான் ஏதோ சொல்ல வாயைத் திறந்தேன்.

"தம்பி, உனக்குச் சம்பளம் கொடுக்கிறது யாரு, உயிரோட இருக்கிற மீனா, செத்த மீனா?"

நோட்டுப் புத்தகம்

அடுத்த வாரமே ஒரு டீச்சர் வந்தார். தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் சின்னப் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்துகிறவர், முப்பது வயதிருக்கும். வகுப்பில் மீன் தொட்டி வைக்க வேண்டுமாம். பிள்ளைகள் எல்லாரும் சேர்ந்து கேட்டார்களாம். கையில் நோட்டுப் புத்தகம், சிவப்புப் பென்சில். ஐந்து வருஷத்தில் நான் ஏங்கியது இப்படி ஒரு ஆளுக்குத்தான். சொன்னதைக் கேட்கிற ஆள். எது அழகு என்று அவர் கேட்கவில்லை. "அண்ணே, எது சாகாம இருக்கும்? செத்துப்போனா பிள்ளைங்க தாங்க மாட்டாங்க" என்றார்.

பின்னால் நாற்காலியில் முதலாளி. உப்புத் தண்ணீர்தான் என்றேன். அவர் எழுதிக்கொண்டார். அகப்பையால் மொண்டு ஊற்றுவதைச் சொன்னேன், எழுதினார். செத்ததை உடனே எடுக்கச் சொன்னேன், எழுதினார். தண்ணீர் வற்றினால் என்ன செய்வது என்று அவரே கேட்டார். அந்தக் கேள்வியை அதுவரை எவனும் தானாகக் கேட்டதில்லை. "நல்ல" என்று ஆரம்பித்தேன். முதலாளி தொண்டையைச் செருமினார். "நல்ல கடல் தண்ணியா ஊத்துங்க, எங்க கடையிலேயே கிடைக்கும்" என்று முடித்தேன். அதையும் எழுதி, அடியில் கோடு போட்டுக்கொண்டார். எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. டீச்சர் நோட்டை மூடி, மலர்ந்த முகத்தோடு சொன்னார்.

"இவ்வளவு தெளிவா யாரும் எனக்குச் சொல்லிக் குடுத்ததில்லை அண்ணே."

ஏழாவது சனிக்கிழமை

சனிக்கிழமை தோறும் டீச்சர் ரிக்‌ஷாவில் இரண்டு சீனத் தாழியோடு வருவார். நான் மொண்டு நிரப்பிக் கொடுப்பேன். மீன் நன்றாக இருக்கிறதா என்று கேட்க மாட்டேன். அவராகவே சொல்வார். பிள்ளைகள் பேர் வைத்திருக்கிறார்கள், மணி அடித்தாலும் தொட்டியை விட்டு நகர மாட்டேன் என்கிறார்கள், கண்ணாடி ஓரத்தில் வெள்ளையாக ஏதோ பூக்கிறது, துணியால் துடைத்துவிடுகிறேன் என்பார். ஆறு சனிக்கிழமை. ஒரு சனிக்கிழமையாவது முதலாளி பார்க்காத நேரத்தில் நான் சொல்லியிருக்கலாம். முதலாளி குளிக்கப் போவார், தொழுகைக்குப் போவார், சாப்பிடப் போவார். நேரம் இல்லாமல் இல்லை.

ஏழாவது சனிக்கிழமை தாழி இல்லாமல் வந்தார். நோட்டுப் புத்தகத்தை மேசைமேல் விரித்தார். நாலு மீனும் செத்துவிட்டன. ஒவ்வொரு வரிக்குப் பக்கத்திலும் நாள் தவறாமல் சிவப்புப் பென்சிலில் கோடு. "நீங்க சொன்னதுல ஒண்ணுகூட விடலை. எந்த வரியில நான் தப்பு பண்ணேன்னு பார்த்துச் சொல்லுங்க, அடுத்த தடவை சரியாச் செய்யறேன்" என்றார். திட்டியிருந்தால் நானும் பதிலுக்குத் திட்டியிருப்பேன். எனக்குத் திட்டத் தெரியும். இதற்கு என்ன செய்வது என்று தெரியவில்லை.

முதலாளி செருமினார். அந்தச் செருமல்தான் என்னை உடைத்தது. கிராணியைத் திட்டினேன், சமையல்காரரைத் திட்டினேன், மாரிமுத்துவையும் துணிக்கடை அம்மாளையும் திட்டினேன். அவர்கள் எல்லாரும் தெரியாமல் கொன்றவர்கள். தெரிந்து கொன்றவன் இந்தக் கடையில் ஒருவன்தான், அவனை நான் ஒரு நாளும் திட்டவில்லை. டீச்சர் கையிலிருந்த பென்சிலை வாங்கி, அந்த வரியை அடித்து, 'நல்ல தண்ணீர்' என்று எழுதினேன். "தப்பு உங்களுது இல்லை. இது எனக்கு அன்னைக்கே தெரியும். வேலை போயிரும்னு பயந்து மாத்திச் சொன்னேன்" என்றேன். முதலாளி எழுந்து, திங்கட்கிழமையிலிருந்து வர வேண்டாம் என்றார். டீச்சர் அவரைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அடித்த வரியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"தொட்டிக்குள்ள எதையோ போட்டுட்டான்னு பார்வதிங்கிற பிள்ளையை எல்லார் முன்னாலயும் அடிச்சுட்டேன் அண்ணே, போடலை போடலைன்னு அழுதா, அவகிட்ட நீங்களே வந்து சொல்லுங்க."

பார்வதி

திங்கட்கிழமை எனக்குத்தான் வேலை இல்லையே, பள்ளிக்கூடத்துக்குப் போனேன். அத்தாப்பு ஓலைக் கூரை போட்ட ஒரே அறை, பெஞ்சுகளில் நாற்பது பிள்ளைகள். மூலையில் தொட்டி காலியாக இருந்தது. ஒரு கண்ணாடிச் சாடியில் இரண்டு தங்கமீன் கொண்டு போயிருந்தேன். யாரும் அதைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார்கள். சீன முதலாளிகளான டவுக்கேமார்களோடும் துரை வீட்டு ஆட்களோடும் வாய்க்கு வாய் பேசியவன் நான். எட்டு வயதுப் பிள்ளை எதிரே வந்து நின்றதும் சாடியை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றிக்கொண்டு நின்றேன்.

மீன் செத்ததற்கு நீ காரணம் இல்லை, நான்தான் டீச்சருக்குப் பொய் சொன்னேன் என்று ஒரு வழியாகச் சொல்லி முடித்தேன். பார்வதி முதலில் டீச்சரைப் பார்த்தாள், மேசைமேல் இருந்த பிரம்பைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். கேலியாகக் கேட்கவில்லை. விவரம் தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்.

"அப்ப உங்களையும் டீச்சர் கையை நீட்டச் சொல்லி அடிப்பாங்களா?"

இப்போது ஜெலுத்தோங் பாசாரில் செத்த மீன் விற்கிறேன், எத்தனை நாள் உயிரோடு இருக்கும் என்று யாரும் நோட்டுப் புத்தகத்தோடு வந்து கேட்பதில்லை என்பதுதான் இந்தத் தொழிலில் எனக்குப் பிடித்த ஒரே விஷயம்.